கைக்காசில் அடித்த பெற்றோல் வரியில் திரும்பி வருமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். 2025 மார்ச்சில் சம்பள வேலையை விட்டுவிட்டு, ஏப்ரலிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இரண்டு அரச சார்பற்ற நிறுவனங்களுக்கு ஆலோசகராக வேலை செய்கிறீர்கள். ஆளுக்கு மாதம் ஒன்றரை இலட்சம் தருகிறார்கள். கல்லடியிலிருந்து வாகரைக்கும் பொத்துவிலுக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடும் பெற்றோல், தங்குமிடம், போட்டோக் கொப்பி, தரவு சேகரிக்கும் பிள்ளைகளின் நாட்கூலி எல்லாம் உங்கள் கைக்காசு. நிறுவனம் எதையும் திருப்பித் தருவதில்லை. இதை வரியில் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பழைய தோழி ஒருவர் "அஞ்சு வீதம் வெட்டித்தானே தாறாங்க, அதோட வரி முடிஞ்சிது" என்று சொன்னதாகவும், வருகிற கிழமை புதிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

சுருக்கமாகக் கேட்டால், கழிக்கலாம். ஆனால் உங்கள் கேள்விக்குள்ளே "கைவிட்ட காசு திரும்பி வருமா" என்ற ஏக்கம் ஒன்று இருக்கிறது. கழிப்பது வேறு, திரும்பி வருவது வேறு. இந்த வித்தியாசம் விளங்காமல் வருடக் கணக்காகக் காசை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு சொல். மட்டக்களப்பில் கணக்கு வேலை செய்யத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்திறங்கிய நிறுவனங்களின் புத்தகங்களை எழுதித்தான் தொழில் பழகினேன். அவை ஒவ்வொன்றாகக் கதவை மூடிக்கொண்டு போக, அங்கே வேலை செய்த பலர் உங்களைப் போலவே ஆலோசகர்களாக மாறினார்கள். இப்போது நான் அதிகம் செய்வது அவர்களின் வருமான வரி விபரத்திரட்டுகளை, அதாவது வருட வருமானத்தையும் வரியையும் கணக்கிட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் படிவங்களைத்தான். நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் ஒப்பந்தத்தையும் நான் பார்க்கவில்லை. ஆகவே சட்டத்தில் தெளிவாக இருப்பதைத் தெளிவாகவும், வாதத்துக்கு இடமுள்ளதை அப்படியே சொல்லியும் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது செலவை அல்ல, வருமானத்தை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் ஊழிய வருமானத்தையும் வணிக வருமானத்தையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஊழியராக இருந்தபோது சொந்தக் காசில் அடித்த பெற்றோலைச் சம்பளத்திலிருந்து கழிக்க வழியே இருக்கவில்லை. தொழில் தருநர் தன் வேலைக்காக நீங்கள் செய்த செலவைத் திருப்பித் தந்தால் அது உங்கள் வருமானத்தில் சேராது என்பது மட்டும்தான் அங்கே இருந்த சலுகை. சுயமாகத் தொழில் செய்யும் ஆலோசகரின் கட்டணம் வணிக வருமானம். அங்கே 11ஆம் பிரிவு கதவைத் திறக்கிறது: அந்த வருடத்துக்குள், அந்த வருமானத்தை உழைப்பதற்காக, எந்த அளவுக்குச் செலவு செய்தீர்களோ அந்த அளவுக்குக் கழிக்கலாம். "எந்த அளவுக்கு" என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதி வேலைக்கும் பாதி வீட்டுக்கும் போன செலவில் பாதியைக் கழிக்கலாம் என்பதும் அதில்தான் இருக்கிறது, முழுவதையும் கழிக்க முடியாது என்பதும் அதில்தான் இருக்கிறது.

அதனால் ஒப்பந்தத்தின் தலைப்பில் "ஆலோசகர்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். காலை எட்டரைக்கு அவர்களின் அலுவலகத்தில் கையெழுத்து வைத்து, அவர்களின் மேசையில் இருந்து, லீவுக்கு அவர்களிடம் விண்ணப்பித்து, அவர்களின் மேலாளர் சொல்வதை மட்டும் செய்து வருடம் முழுக்க ஓடினால், அது பெயரில் ஆலோசனை, நடப்பில் உத்தியோகம். திணைக்களம் அப்படிப் பார்த்தால் கழிவுகள் எல்லாம் விழுந்துவிடும். உங்களுக்கு வரும் பணத்தில் என்ன பெயரில் வரி வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். சம்பளக்காரருக்கு வெட்டும் முற்பணத் தனிநபர் வருமான வரி, அதாவது எல்லாரும் 'ஏபிட்' என்று சொல்வது வெட்டப்பட்டிருந்தால், அந்த நிறுவனம் உங்களை ஊழியராகத்தான் வைத்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு நிறுவனங்களும் சேவைக் கட்டணத்துக்கான 5 வீதத்தைத்தான் வெட்டுகின்றன. உங்கள் பக்கம் பேசும் நல்ல சான்று அது.

இனி அந்த 5 வீதம். 2023 ஜனவரி முதல், இலங்கையில் வசிக்கும் தனிநபர் சேவை வழங்குநர் ஒருவருக்கு மாதத்தில் 100,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் கொடுக்கும் நிறுவனம், அதில் 5 வீதத்தைப் பிடித்து வைத்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். உங்கள் தோழி சொன்னது பிழை. இது முடிந்த வரி அல்ல; உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டி வைத்த காசு. வருட முடிவில் உங்கள் உண்மையான வரி எவ்வளவு என்று கணக்கிட்டு, அதிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் நீங்கள் கட்ட வேண்டும். கூடக் கட்டியிருந்தால் மீளப் பெற உரித்து உண்டு. பல ஆலோசகர்கள் இந்த இடத்தில்தான் நட்டப்படுகிறார்கள். 5 வீதம் மொத்தக் கட்டணத்தில் வெட்டப்படுகிறது. உங்கள் செலவு எதுவும் அந்த நேரத்தில் பார்க்கப்படுவதில்லை. விபரத்திரட்டு போட்டால் மட்டும்தான் செலவு கணக்குக்குள் வரும்.

உங்கள் தொகையையே வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2025/26 மதிப்பாண்டு, 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. மாதம் மூன்று இலட்சம் என்றால் வருடத்துக்கு 3,600,000 ரூபாய். வேறு வருமானம் இல்லை என்று வைப்போம். 5 வீதம் வெட்டியது 180,000. அந்த வருடத்துக்குரிய தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடும் தொகை, 1,800,000. அதற்கு மேல் முதல் 1,000,000க்கு 6 வீதம், அடுத்த ஒவ்வொரு 500,000க்கும் 18, 24, 30 வீதம், அதற்கும் மேலே போனால் 36 வீதம். செலவே காட்டாவிட்டால் வரிக்குரிய வருமானம் 1,800,000. அதற்கு வரி 60,000, 90,000, 72,000 என்று சேர்த்து 222,000. வெட்டியது போக நீங்கள் இன்னும் 42,000 கட்ட வேண்டும். இப்போது உங்கள் செலவு 900,000 என்றும், அதை நிரூபிக்க முடியும் என்றும் வையுங்கள். வரிக்குரிய வருமானம் 900,000 ஆகக் குறைகிறது. வரி 54,000 மட்டும். நீங்கள் கட்டியதோ 180,000. ஆக 126,000 ரூபாய் உங்களுக்கு வர வேண்டிய காசு. கட்ட வேண்டியவர் என்ற இடத்திலிருந்து வாங்க வேண்டியவர் என்ற இடத்துக்கு உங்களைக் கொண்டுவருவது அந்தப் பில் கட்டுத்தான்.

ஆனால் அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். 900,000 செலவழித்தீர்கள், வரியில் குறைந்தது 168,000. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் வருமானம் 6 வீத மட்டத்தில் நின்றால் 1,000 ரூபாய்ப் பெற்றோலுக்குக் குறையும் வரி 60 ரூபாய். மிச்சம் 940 உங்கள் சட்டைப் பையிலிருந்து போனதுதான். நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர்கள் "அதை நீங்க வரியில கழிச்சிக்கலாம்" என்று சொல்லும்போது ஏதோ முழுக் காசும் திரும்பி வரப்போவது போல் இருக்கும். வராது. பில்லைக் கொடுத்து நிறுவனத்திடம் வாங்கக்கூடிய ஒவ்வொரு ரூபாயையும் முதலில் வாங்குங்கள். வாங்கவே முடியாததை மட்டும் வரிக் கணக்குக்குக் கொண்டு வாருங்கள். கழிவு என்பது கடைசியாகத் தங்கும் இடம்.

வாங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. பயணச் செலவுக்கு உரிய பில்லைக் கொடுத்து, அதே தொகையை நிறுவனம் உங்களுக்குத் திருப்பித் தந்தால், அதை உங்கள் வருமானத்திலும் போடாதீர்கள், செலவிலும் போடாதீர்கள். இரண்டிலும் போட்டாலும் இலாபம் மாறாது. வருமானத்தில் போடாமல் செலவில் மட்டும் போடுவதுதான் பெரிய பிழை. ஒரே பெற்றோலுக்கு இரண்டு இடத்தில் காசு எடுத்ததாகிவிடும். மாறாக "எல்லாச் செலவும் உட்பட" என்று ஒரே தொகையாகத் தந்தால் முழுத் தொகையும் உங்கள் வருமானம், நீங்கள் செய்த செலவு முழுவதும் உங்கள் செலவு. உங்களுடைய இப்போதைய இரண்டு ஒப்பந்தங்களும் இந்த இரண்டாவது வகை என்றே தெரிகிறது. ஆகவே நீங்கள் "திருப்பித் தரவில்லை" என்று நினைப்பதை, அவர்கள் "கட்டணத்துக்குள்ளேயே தந்துவிட்டோம்" என்று நினைக்கிறார்கள். வரிச் சட்டத்துக்கு அந்த மனத்தாங்கல் முக்கியமில்லை. செலவு உங்களுடையது, வேலைக்காகச் செய்தது, வேறு யாரும் அதற்குக் காசு தரவில்லை. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

நாட்படி என்று ஒரு நிலையான தொகை தரும் நிறுவனங்களும் உண்டு. பில் கேட்க மாட்டார்கள். பில் இல்லாமல் வரும் தொகையை நான் எப்போதும் வருமானத்தில் சேர்த்துவிட்டு, தங்குமிடம், பயணம் போன்ற உண்மையான செலவைத் தனியே கழிப்பேன். அதைவிட மெத்தனமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். என் பெயர் போட்டுத் தயாரிக்கும் கணக்கில் நான் அப்படிச் செய்வதில்லை.

சந்தேகமே இல்லாமல் கழிக்கக்கூடியவை உங்கள் பட்டியலில் நிறைய இருக்கின்றன. வாகரையில் கேள்விக்கொத்து நிரப்பப் போன பிள்ளைகளின் கூலி, பொத்துவிலில் தங்கிய அறை வாடகை, பஸ் காசு, ஓட்டோக் காசு, அச்சடித்த கேள்விக்கொத்துகள், சிங்களத்துக்கு மொழிபெயர்த்தவருக்குக் கொடுத்த கூலி, வேலைக்காக வாங்கிய மென்பொருள் சந்தா. இவற்றைப் பற்றி யாரும் வாதாடப் போவதில்லை, சான்று இருந்தால்.

மடிக்கணினி அப்படி அல்ல. 250,000 ரூபாய்க்கு வாங்கினால் அது மூலதனச் செலவு, அதாவது பல வருடம் பாவிக்கும் பொருளுக்கான செலவு. அந்த வருடமே முழுவதையும் கழிக்க முடியாது. கணினிக்கும் அதோடு சேர்ந்த உபகரணங்களுக்கும் ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்து மூலதனப் படி என்ற கழிவைத் தருகிறார்கள். ஆக வருடத்துக்கு 50,000. பிள்ளைகள் அதே கணினியில் இணைய வகுப்பு பார்த்தால் அந்தப் பங்கைக் குறைக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பஸ், சரக்கு வாகனம் போன்ற வணிக வாகனங்களைத் தவிர மற்ற வீதி வாகனங்களுக்குச் சட்டம் மூலதனப் படி தருவதில்லை. ஆகவே சைக்கிளின் விலையைச் செலவாகக் காட்ட முயலாதீர்கள். லீசிங் தவணையை அப்படியே தூக்கிச் செலவில் போடவும் வேண்டாம். பெற்றோல், சேர்விஸ், காப்புறுதி, வருட அனுமதிப்பத்திரம் போன்ற ஓட்டச் செலவுகளில் வேலைக்குரிய பங்கைக் கழிக்கலாம்.

அந்தப் பங்கை எப்படி எடுப்பது? உங்களை நான் கெஞ்சிக் கேட்கும் ஒரே விடயம் இது. ஒரு சின்னக் கொப்பி வாங்கி மோட்டார் சைக்கிளோடு வையுங்கள். வேலைக்குப் புறப்படும் ஒவ்வொரு நாளும் திகதி, மீற்றர் எண், எங்கே போகிறேன், எந்த ஒப்பந்தத்துக்கு, திரும்பி வந்ததும் மீற்றர் எண். "ஆனி 4, 18,212, வாகரை, மீன்பிடிச் சங்கங்களின் நேர்காணல், 18,338." அவ்வளவுதான். வருட முடிவில் சைக்கிள் மொத்தம் 14,000 கிலோமீற்றர் ஓடி, அதில் 9,100 வேலைக்கு என்று கொப்பி சொன்னால், அது 65 வீதம். வருடம் முழுக்க ஓட்டச் செலவு 240,000 என்றால் 156,000ஐக் கழிப்பீர்கள். யாராவது கேட்டால் கொப்பியை நீட்டலாம். கொப்பி இல்லாமல் "ஒரு எழுபது வீதம் இருக்கும்" என்று சொல்பவருக்காக என்னால் வாதாட முடியாது. எனக்கே தெரியாத ஒன்றை இன்னொருவரிடம் எப்படி நிலைநாட்டுவது?

பில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். படுவான்கரை முழுக்க மோட்டார் சைக்கிளில் திரிந்து வேலை செய்தவர், நேர்மையான மனிதர். ஒரு பெற்றோல் பில்லைக்கூட எறியவில்லை, எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் ஒரு பொலித்தீன் பையில் சேர்த்து வைத்திருந்தார். மேசையில் கொட்டினோம். முக்கால்வாசி வெறும் வெள்ளைத் தாள். பெற்றோல் செட்டில் தருகிற அந்த வழுவழுப்பான தாள் சூட்டுக்கு நிறம் விட்டுவிடும். கச்சான் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில் சீட்டுக்கு அடியில் கிடந்தால் எழுத்து எப்படி நிற்கும்? சன்னலோரம் வெளிச்சத்துக்குப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிலதில் செட்டின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, தொகை இல்லை. கடைசி ஐந்து மாதப் பில்தான் உருப்படியாக வந்தது. மிச்சத்தை என்னால் சேர்க்க முடியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் அந்த வெள்ளைத் தாள்களைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அதிலிருந்து என்னிடம் வருபவர்களிடம் நான் சொல்வது, பில் வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை நாலைந்து பில்களை ஒரே ஏ4 தாளில் வைத்துப் போட்டோக் கொப்பி எடுங்கள். கொப்பியின் மை நிற்கும்.

பில்லே தராத இடங்கள் நம் பக்கத்தில் நிறைய. உள்கிராமத்து ஓட்டோக்காரரிடம் பில் கேட்டால் "மறுகா பாப்பம்" என்பார். அதற்கு ஒரு வவுச்சர் புத்தகம் வைத்திருங்கள். திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், எங்கிருந்து எங்கே, எவ்வளவு, கையெழுத்து. தரவு சேகரித்த பிள்ளைகளுக்கும் இப்படியே, எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் கூலியை வங்கி மூலம் கொடுங்கள். பாஸ்புத்தகம் தானாகவே சாட்சி சொல்லும். இந்த ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். கரையோர வீடுகளில் கறையானும் மழை ஈரமும் தாளை விட்டுவைக்காது. ஆகவே ஒரு மூடி போட்ட பெட்டியும், படங்களின் பிரதி இன்னொரு இடத்திலும் இருக்கட்டும்.

கழிக்கவே முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைச் சேர்த்துவிட்டால் மற்ற நல்ல செலவுகளின் மீதும் சந்தேகம் விழும். வீட்டுச் செலவு, குடும்பச் செலவு கூடாது. பட்டப்படிப்புக்கோ டிப்ளோமாவுக்கோ கட்டிய காசு கூடாது. கூட்டத்துக்கென்று வாங்கிய நல்ல சேலை கூடாது, அது வெளியிலும் உடுக்கக்கூடிய உடுப்பு. கல்முனை வீதியில் வேகமாகப் போய்ப் பொலிஸ் எழுதிய தண்டம் கூடாது. எந்தத் தண்டப்பணமும் கூடாது. நீங்கள் கட்டும் வருமான வரியே செலவு அல்ல. விருந்துபசாரச் செலவையும் சட்டம் மறுக்கிறது. அதில் உணவு, பானம், தங்குமிடம் கொடுத்து உபசரிப்பது எல்லாம் அடங்கும். ஒரு நிறுவனத்தின் அதிகாரிகளைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு "தொழிலுக்காகத்தான்" என்று சொன்னாலும் அது நிற்காது.

இனி வாதத்துக்கு இடமுள்ள பகுதி. நீங்கள் பயிற்சி நடத்தும்போது பங்குபற்றுபவர்களுக்குக் கொடுக்கும் மதியச் சாப்பாடு, நீங்கள் விற்கும் சேவையின் ஒரு துண்டு என்று நான் வாதாடுவேன். உணவு என்ற சொல் விருந்துபசாரத்தின் வரைவிலக்கணத்துக்குள் இருப்பதால் எதிர்வாதத்துக்கும் இடம் உண்டு. இந்தத் தலையிடி உங்களுக்கு வேண்டாம். சாப்பாட்டுக்காரருக்கு நிறுவனமே நேரடியாகக் காசு கொடுக்கட்டும் என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வெளியூரில் தங்கும்போது நீங்கள் தனியே சாப்பிடும் சோற்றுப் பார்சல்? வீட்டில் இருந்தாலும் சாப்பிட்டிருப்பீர்கள் என்ற வாதம் பலமானது. நான் அதைச் சேர்ப்பதில்லை.

வீட்டில் ஒரு அறையை அலுவலகமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அறை வேலைக்கு மட்டும் என்றால் மின்சாரம், இணையம் போன்றவற்றில் நியாயமான பங்கைக் காட்டலாம். பகலில் நீங்கள் எழுதி, இரவில் பிள்ளைகள் படுக்கும் அறை என்றால் என் கை தயங்கும். இணையத்திலும் கைபேசியிலும் ஒரு மாதத்துப் பாவனையை உண்மையாகக் கணக்கெடுத்து, அந்த விகிதத்தை வருடத்துக்குப் பாவியுங்கள். எப்படி எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பயணத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போய்வரும் அன்றாடப் பயணத்தைச் சட்டம் வீட்டுச் செலவாகப் பார்க்கிறது. உங்கள் வேலையிடம் கல்லடி வீட்டு அறைதான், அங்கிருந்து வாகரைக்குப் போவது தொழில் செய்யும்போது போகும் பயணம் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் கிழமைக்கு நாலு நாள் ஒரே நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் இருந்தால், அந்த ஓட்டம் அன்றாடப் போக்குவரத்துப் போலவே தெரியும். கொப்பியில் அப்படிப்பட்ட நாட்களைத் தனியாக அடையாளம் போட்டு வையுங்கள். வெளிக்கள நாட்களை உறுதியோடு கழிக்கலாம். அலுவலக நாட்களை விட்டுவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பாண்டு முடிந்ததும் மிச்ச வரி இருந்தால் செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும். விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போய்ச் சேர வேண்டும். 2025/26க்கு அவை 2026இல் வரும் திகதிகள். வெட்டிய வரியை விட உங்கள் வரி கூடும் என்று தெரிந்தால் ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் காலாண்டுத் தவணை கட்ட வேண்டும். உங்கள் செலவு நான் நினைத்த அளவுக்கு இருந்தால் அது தேவைப்படாது. எல்லாவற்றுக்கும் முன்னால், வரி வெட்டியதற்கான சான்றிதழை இரண்டு நிறுவனங்களிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது அவர்களின் கடமை. அதில் உங்கள் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துபவர் இலக்கம், சரியாக இருக்கிறதா, தொகை உங்கள் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இலக்கத்தில் ஒரு எண் பிழைத்தால் 180,000 ரூபாய் உங்கள் பெயரில் தெரியாது. ஒரு திட்டம் முடிந்து அலுவலகம் பூட்டிய பிறகு சான்றிதழ் கேட்டு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊரில் பலருக்குத் தெரியும். மீள்கொடுப்பனவு உடனே கைக்கு வரும் என்று எதிர்பார்த்து அந்தக் காசை எண்ணிச் செலவு வைக்க வேண்டாம். திணைக்களம் ஆவணங்களைப் பார்த்துத்தான் விடுவிக்கும். சந்தேகம் இருந்தால் மட்டக்களப்பில் உள்ள பிராந்திய அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

ஒரு வருடம் வேலை குறைந்து, செலவு வருமானத்தை மிஞ்சிவிட்டால் அந்த நட்டம் வீணாகாது. அடுத்த ஆறு வருடங்கள் வரை முன்கொண்டு போய் வணிக வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் நடுவில் மறுபடி சம்பள வேலைக்குப் போனால் அந்தச் சம்பளத்தில் இதைக் கழிக்க முடியாது.

இனி வருகிற கிழமை கையெழுத்திடப் போகும் ஒப்பந்தம். இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே பலம் அதுதான். கையெழுத்து வைத்த பிறகு கேட்டால் "வரவு செலவுத் திட்டத்தில் இல்லையே" என்பார்கள். கட்டணத்தை ஒரு வரியிலும், பயணம், தங்குமிடம், தரவு சேகரிப்புக் கூலி ஆகியவற்றை "மூலப் பில்லின்படி மீளளிக்கப்படும், உச்சவரம்பு இவ்வளவு" என்று இன்னொரு வரியிலும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். அவர்கள் உச்சவரம்பைக் குறைத்தால் குறைக்கட்டும், இரண்டும் தனித்தனியாகப் பிரிந்திருப்பதுதான் முக்கியம். மாதாந்தம் காசு கேட்டு நீங்கள் கொடுக்கும் பில்லையும் அதே போல இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்றாகக் கலந்து எழுதினால் நீங்கள் வாங்கிக் கொடுத்த பெற்றோலுக்கும் சேர்த்து, முழுவதையும் கட்டணமாகப் பார்த்து 5 வீதத்தை வெட்டிவிடுவார்கள். மூலப் பில் அவர்களின் கோப்புக்குப் போய்விடும். கொடுக்கும் முன் போட்டோக் கொப்பி எடுத்து, "மூலப்பிரதி பெற்றுக்கொண்டேன்" என்று அவர்களின் கணக்காளரிடம் அந்தக் கொப்பியில் கையெழுத்தும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உச்சவரம்புக்கு மேல் உங்கள் கையிலிருந்து போன தொகையை வரிக் கணக்கில் கழிக்கும்போது, எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு வரவில்லை என்று காட்ட அந்த ஒரு தாள்தான் உங்களிடம் இருக்கும்.